மறதி குடிபுகுந்த வீடுகள்

மறதி நோய் கண்டவரை வைத்தியரிடம் அழைத்து வருபவர் பெரும்பாலும் ஒரு பெண்மணி. மனைவி, மகள், மருமகள் ஆகிய மூவரில் ஒருத்தி. நோயாளியின் பெயர், வயது, இரத்த அழுத்தம், சர்க்கரையின் அளவு ஆகியவை சீட்டில் ஏறுகின்றன; மூளையின் ஸ்கேன் படம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப்படுகிறது; மாத்திரைகள் எழுதித் தரப்படுகின்றன. ஆனால் ஒரு கையில் ஃபைலை ஏந்தி, மறு கையால் கணவரின் சட்டை நுனியைப் பற்றியவாறு நின்றுகொண்டிருக்கும் அந்த அம்மாள் நேற்றிரவு எத்தனை முறை எழுந்தாள், அவளுடைய சர்க்கரையைக் கடைசியாக எப்போது பரிசோதித்தாள், அவள் ஒரு கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ போய் எவ்வளவு காலமாயிற்று என்பனவற்றை எழுத அந்தச் சீட்டில் இடம் கிடையாது. மறதி நோய்க்கான உதவிகளைப் பற்றிப் பேசப் புகுவோர் முதலில் கவனிக்க வேண்டியவை, சீட்டில் ஏறாத இந்த விவரங்களே என்பது என் அபிப்பிராயம்.

டிமென்ஷியா என்று வைத்தியர்கள் வழங்கும் இவ்வியாதி, மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறந்துபோகும் சாதாரண முதுமைத் தள்ளாமையன்று. மூளையின் உயிரணுக்கள் க்ஷீணித்துப் போவதால், ஞாபகம், பேச்சு, காலத்தையும் இடத்தையும் மனிதர்களையும் அறியும் அறிவு, கடைசியில் நடக்கவும் மென்று விழுங்கவும் உள்ள சக்தி ஆகிய அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக விலகிப் போகின்ற நோய் அது. அல்சைமர் அதன் மிகப் பெரிய பிரிவு. மூளையின் இரத்தக் குழாய்கள் அடைபடுவதால் வருவது அடுத்த பெரும் பிரிவு. இந்திய முதியோரிடையே தேசிய அளவில் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் அது அதிகம் என்பதையும் அதே ஆய்வு காட்டிற்று. கிராமங்களில் அதிகம் என்னும் செய்தி பலருக்கு வியப்பளிக்கக்கூடும். இதைப் பட்டணத்துப் பரபரப்பினால் வரும் வியாதி என்றல்லவோ நாம் எண்ணியிருந்தோம்!

"வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி வீட்டார் சமாதானமடைந்துவிடுவதில் ஒரு பெரிய நஷ்டம் உண்டு. தைராய்டு சுரப்பியின் குறைபாடு, பி-12 வைட்டமின் பற்றாக்குறை, மனச்சோர்வு, எப்போதோ கீழே விழுந்ததனால் மண்டைக்குள் மெல்லக் கசிந்து தேங்கிய இரத்தம், தூக்கத்துக்கென்று வருஷக்கணக்காக விழுங்கிவரும் மாத்திரை ஆகிய இவை யாவும் மறதி நோயின் வேஷம் பூண்டு வரக்கூடியவை. தக்க காலத்தில் கண்டுகொண்டால் பெரிதும் நிவர்த்தியாகக் கூடியவை. ஆகையால் முறையான பரிசோதனை ஒரு தடவையேனும் அவசியம். அதன் பின்னும் நோய் அல்சைமர்தான் என்று நிச்சயமாகிவிட்டால், வைத்திய சாஸ்திரம் இன்று தரக்கூடியது சொற்பமே என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். டோனெபெசில், மெமன்டைன் முதலிய மருந்துகள் சிலருக்குச் சில காலம் தெளிவைச் சற்றே நிலைநிறுத்துகின்றன. நோயின் போக்கை அவை நிறுத்துவதில்லை. அண்மையில் மேல்நாடுகளில் அனுமதி பெற்ற லெகானெமாப் போன்ற மருந்துகளோ, ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கே உரியவை. மூளை வீக்கமும் இரத்தக் கசிவும் நேருகின்றனவா என்று அடிக்கடி ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டியவை. ஔஷதத்துக்கு எட்டாத அந்தப் பெரும் பகுதியைத்தான் பராமரிப்பு என்னும் பெயரில் வீட்டிலுள்ள ஒருவர் சுமந்துவருகிறார்.

அந்தச் சுமையின் இயல்பு வெளியில் இருப்போருக்கு எளிதில் விளங்குவதில்லை. மாலை மங்கும் வேளையில், தாமே கட்டிய வீட்டின் கூடத்திலிருந்து எழுந்து, "நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும்" என்று ஒருவர் செருப்பைத் தேடுகிறார். "இதுதானேங்க நம்ம வீடு" என்று மனைவி சொல்லச் சொல்ல அவருடைய பரபரப்பு மிகுகிறதேயன்றித் தணிவதில்லை. இன்னொரு வீட்டில், சற்று முன்புதான் சாப்பிட்டு எழுந்த மாமியார் வாசலில் போய் நின்றுகொண்டு, "எனக்கு இன்னும் சோறு போடலை" என்று அண்டை வீட்டாரிடம் முறையிடுகிறார், தாமே ஒளித்து வைத்து மறந்துபோன வளையலுக்காக மருமகளைத் திருடி என்று ஏசுகிறார், நள்ளிரவில் விழித்து, "யாரும்மா நீ? எங்க வீட்ல உனக்கு என்ன வேலை?" என்று அவளையே கேட்கிறார். மருமகள் படும் பாட்டில் ஊராருக்குப் புலப்படுவது, வயதான மாமியாருக்குச் சோறு போடாதவள் என்ற பெயர் மட்டுமே. உடலால் உழைக்கும் சிரமத்தைக் காட்டிலும் இந்த அபவாதம் கொடியது.

நம் தேசத்தில் குடும்பம் இருக்கிறது, மேல்நாட்டாரைப் போல் இதற்கென்று தனி ஊழியரும் நிலையங்களும் நமக்கு வேண்டியதில்லை என்று மேடைகளில் பேசுவோரின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டில் எட்டுப் பேர் இருப்பதனாலேயே இந்த வேலை எட்டாகப் பங்கிடப்பட்டுவிடுவதில்லை. எட்டுப் பேரும் யோசனை சொல்வார்கள். துணி மாற்றுபவள் ஒருத்திதான். அயலூரிலிருந்து தீபாவளிக்கு வந்து இரண்டு நாள் தங்கிச் செல்லும் பிள்ளை, "அப்பா நன்றாகத்தானே பேசுகிறார், நீங்கள் ஏன் மிகைப்படுத்துகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் போவதும் உண்டு; விருந்தாளியின் முன்னிலையில் சற்று நேரம் பழைய மிடுக்குடன் பேசிச் சமாளித்துக்கொள்ளும் ஆற்றல் ஆரம்ப நிலையில் இந்நோயாளிகள் பலருக்கு உண்டென்பதை அவன் அறியான்.

இவ்விஷயத்தில் கேரளத்தார் நமக்கு முன்பே விழித்துக்கொண்டனர். 1992-இல் டாக்டர் ஜேக்கப் ராய் அங்கே தோற்றுவித்த ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்னும் சங்கம், திருச்சூர் மாவட்டத்துக் குன்னம்குளத்தைத் தன் இருப்பிடமாகக் கொண்டு, பின்னர் தேசத்தின் பல நகரங்களில் கிளை பரப்பிற்று. 1998-இல் கொச்சியில் ஓர் ஆராய்ச்சிக் குழு உருவாயிற்று. அதற்கு அவர்கள் இட்ட பெயர் '10/66'. உலகத்து மறதி நோயாளிகளில் நூற்றுக்கு 66 பேர் ஏழை நாடுகளில் வாழ, இந்நோயைப் பற்றிய ஆராய்ச்சியில் நூற்றில் பத்துப் பங்குகூட அந்நாடுகளில் நடைபெறவில்லை என்னும் அநீதியையே அவர்கள் பெயராகச் சூட்டிக்கொண்டார்கள். அக்குழுவைச் சேர்ந்த திருச்சூர் மனநல வைத்தியர் டாக்டர் கே. எஸ். ஷாஜியும் அவருடைய சகாக்களும் கிராமத்து அங்கன்வாடி ஊழியர்களுக்குச் சில மணி நேரமே பயிற்சி தந்து, உங்கள் பகுதியில் இத்தகைய முதியவர்கள் எவர் என்று கேட்டபோது, அவர்கள் சுட்டிக்காட்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோய் இருப்பது வைத்தியப் பரிசோதனையில் உறுதியாயிற்று. நோயைக் கண்டுபிடிக்க முதலில் வேண்டியது யந்திரமல்ல, அந்தத் தெருவை அறிந்த ஒருவர் என்பதற்கு இதைவிட நேரான அத்தாட்சி கிடைப்பதரிது. பராமரிப்போரையும் அதே வைத்தியர் நேரில் கண்டு விசாரித்து 2003-இல் எழுதிய ஆய்வில், நோயாளியின் செய்கைகளை வேண்டுமென்றே செய்யும் அடம் என்றே வீட்டார் பலர் கருதினர் என்ற உண்மை வெளிப்பட்டது. அடம் என்று நம்புகிறவளுக்குக் கோபம் வரும். கவனிப்பின்மை என்று ஊர் நம்பினால் அவளுக்கு அவமானம் வரும். நோய் என்று யாரேனும் வந்து சொன்னால் இரண்டும் பாதி குறையும்.

அப்படி வந்து சொல்ல ஓர் ஆளை அனுப்பினால் என்ன நேரும் என்பதைச் சோதித்துப் பார்த்த இடம் கோவா. சங்காத் என்னும் தொண்டு நிறுவனமும் கோவாவின் டிமென்ஷியா சங்கமும் சேர்ந்து, டாக்டர் அமித் டயஸ், டாக்டர் விக்ரம் பட்டேல் முதலியோர் நடத்தி 2008-இல் வெளியிட்ட அந்தப் பரிசோதனையை இவ்விஷயத்தில் அக்கறை கொண்ட ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று கருதுவதால், சற்று விரித்தே சொல்கிறேன். மறதி நோயாளிகள் உள்ள 81 குடும்பங்களை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். திருவுளச் சீட்டுப் போடுவது போன்ற முறையில் அவற்றை இரண்டாகப் பிரித்து, 41 குடும்பங்களுக்கு உடனே உதவியாளரை அனுப்பினர். எஞ்சிய 40 குடும்பங்களுக்கு நோயைப் பற்றிய விளக்கங்களை மட்டும் கொடுத்துக் காத்திருக்கச் செய்தனர். அனுப்பப்பட்டவர் டாக்டரல்லர், நர்ஸும் அல்லர். பள்ளியிறுதியைக் கடந்த படிப்பும், கொங்கணியில் சரளமாகப் பேசும் திறனும், ஒரு வாரப் பயிற்சியும் உடைய சாமானிய மனிதர். பதினைந்து நாளுக்கு ஒரு முறையேனும் அவர் அந்த வீட்டுக்குச் செல்வார். இவ்வாறு ஆறு மாதம். அவருக்குப் பின்னணியில் பகுதி நேர மனநல வைத்தியரும், சந்தேகம் கேட்க ஓர் ஆலோசகரும் இருந்தனர்.

அவர் போய்ச் செய்ததெல்லாம் மகத்தான காரியங்கள் அல்ல. இது வியாதி, பிடிவாதமல்ல என்று விளக்குவது, குளிப்பது, உண்பது, மலஜலம் கழிப்பது, இரவில் அலைவது ஆகியவற்றில் எது அந்த வீட்டில் பெருந்தொல்லையாக இருக்கிறதென்று கேட்டு, அதற்கு ஒரு வழி சொல்வது, தேவைப்பட்டால் வைத்தியரிடம் அனுப்புவது, முதியோருக்கென்று சர்க்கார் வழங்கும் உதவித் தொகைக்கு மனு எழுத வழிகாட்டுவது, ஒத்த கஷ்டமுள்ள குடும்பங்களை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்துவது, இவ்வளவே. இத்தகைய உதவியாளர்கள் கற்றுத்தரும் யுக்திகள் பெரும்பாலும் எளியவை. வீட்டுக்குப் போக வேண்டும் என்பவரிடம் இதுதான் வீடு என்று வாதாடக் கூடாது; "போகலாம், காபி குடிச்சிட்டுப் போகலாமே" என்று சொல்லி வாசல் வரையிலோ தெருமுனை வரையிலோ உடன் நடந்து திரும்பினால், போகிற எண்ணம் பல சமயம் கரைந்துவிடும். குளிக்க மறுப்பவரிடம் "குளிக்க வாருங்கள்" என்று நேராக அழைப்பதினும், வழக்கமான அதே வேளையில் துண்டையும் சோப்பையும் கையில் கொடுத்து நடத்திச் செல்வது பலிக்கும். இலை நிறையப் பல பதார்த்தங்களைப் பரிமாறினால் எதைத் தொடுவதென்று தெரியாமல் திகைப்பவர், ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் உண்கிறார். தாழ்ப்பாளைக் கண்ணில் படாத உயரத்தில் மாற்றுவதும், சட்டைப் பையில் வீட்டு விலாசமும் போன் நம்பரும் எழுதிய சீட்டைத் தைத்துவிடுவதும், கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை இரவில் மூடிவிடுவதும் எவருக்கும் தோன்றக்கூடியவைதாம். ஆனால் தூக்கமிழந்த ஒருத்திக்கு அவை தாமாகத் தோன்றுவதில்லை.

ஆறு மாத முடிவில் விளைந்தது என்ன? நோயாளிகளின் நோயில் குறிப்பிடத்தக்க மாறுதல் எதுவும் இல்லை. அவர்களைப் பராமரித்தவர்களின் மனநலமோ, காத்திருந்த குடும்பங்களோடு ஒப்பிடுகையில் நிச்சயமாகத் தேறியிருந்தது; நோயாளியின் செய்கைகளைக் கண்டு அவர்கள் அடைந்த வேதனையும் தணிந்திருந்தது. நோயாளி இரவில் எழுந்து நடந்தது நின்றுவிடவில்லை. அதைத் தாங்கிக்கொள்ளும் வழியை அவரைப் பராமரிப்பவள் அறிந்துகொண்டாள். இந்த முடிவைச் சிறிதென்று கருதுவோர் உண்டு. மாற்ற இயலாத நோயை மாற்றவில்லை என்று குறைகூறி, மாற்ற இயன்ற துன்பத்தை மாற்றியதைக் கணக்கில் கொள்ளாதவர்களின் வாதமாகவே அது எனக்குப் படுகிறது.

நம் சென்னையும் இத்துறையில் வறியதன்று. முதியோருக்கென்று தனி வைத்தியம் வேண்டும் என்ற எண்ணமே இந்தியாவில் பரவாத காலத்தில், 1978-இல், சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோர் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரி அத்துறைக்கு எம்.டி. பட்டப் படிப்பையும் ஏற்படுத்திற்று. 2024-இல் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப், மனச்சிதைவு நோய்க்கென்று பிறந்த நிறுவனமாயினும், 'டெம்கேர்ஸ்' என்னும் பெயரில் மறதி நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் தனிச் சேவை நடத்திவருகிறது. இங்கிலாந்தில் உருவான அறிவுத்தூண்டல் சிகிச்சை என்ற குழு முறையைத் தமிழ்ச் சூழலுக்கேற்ப மாற்றி அமைத்ததும் இந்த நிறுவனத்தாரே. வாரத்துக்கு இரண்டு வீதம் ஏழு வாரங்களில் 14 அமர்வுகள். நோயாளிகள் சிலர் ஒன்றாக அமர்ந்து, தங்கள் குழுவுக்கென்று ஒரு பெயரும் பாட்டும் வைத்துக்கொண்டு, பால்யம், உணவு, நாணயங்கள், பழகிய முகங்கள் என்று நாளுக்கொரு பொருளைப் பற்றிப் பேசுவதும் விளையாடுவதும்தான் சிகிச்சை. சரியான விடையைக் கேட்டு நோயாளியைத் திணறடிக்காமல், அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்பது இம்முறையின் விசேஷம். பிரதம மந்திரி யார் என்று கேட்டால் விழிப்பவர், ரசத்துக்குப் புளி எவ்வளவு கரைக்க வேண்டும் என்ற விவாதத்தில் கம்பீரமாகக் கலந்துகொள்ளக்கூடும். ஆனால் இவையெல்லாம் சென்னையில் இருக்கின்றன. திருவாடானையிலோ திருக்கோவிலூரிலோ இருக்கும் ஓர் அம்மாள், தனியே விட்டுப் போகவும் முடியாத, பஸ்ஸில் அழைத்துப் போகவும் முடியாத கணவரோடு அங்கே எப்படி வந்து சேர்வாள்?

பிற தேசங்களைப் பற்றி எழுத வேண்டுமானால், பத்திரிகைகள் விரும்பிப் படம் போடும் ஹாலந்து தேசத்து ஹோகவேக் குடியிருப்பைப் பற்றி எழுதலாம்; கடையும் தோட்டமும் நாடகக் கொட்டகையும் கொண்டு, நோயாளிகள் அச்சமின்றி உலவுவதற்கென்றே 2009-இல் திறக்கப்பட்ட அழகிய குடியிருப்பு அது. அதன் செலவில் நூற்றில் ஒரு பங்கையும் நாம் தாங்கோம் என்பதால் அதை விடுத்து, ஜப்பானியர் 2005-இல் தொடங்கிய மிக மலிவான ஏற்பாட்டைக் குறிப்பிடுகிறேன். பாங்கி குமாஸ்தா, கடைக்காரர், பள்ளிச் சிறுவர் என்று யாராயினும் ஒன்றரை மணி நேர வகுப்பில் அமர்ந்து, இந்நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொண்டால், அவருக்கு அடையாளமாக ஓர் ஆரஞ்சு நிறக் கைவளை தரப்பட்டுவந்தது. இதுவரை ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அவ்வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள்.

நம் நாட்டிலோ, வசதி படைத்த குடும்பங்கள் ஏஜென்சி மூலம் ஆயாவையோ ஹோம் நர்ஸையோ அமர்த்திக்கொள்கின்றன. அவர்களில் தெய்வத்துக்கு நிகரானவர்களும் உண்டு. இந்நோயைப் பற்றி ஒரு வார்த்தையும் கற்பிக்கப்படாமல், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு அனுப்பப்பட்ட அப்பாவிப் பெண்களும் உண்டு. பயிற்சியில்லாத இடத்தில் தூக்க மருந்து புகுந்துவிடுகிறது. நோயாளியை அமைதிப்படுத்த வழங்கும் மனநோய் மருந்துகள், டிமென்ஷியா உள்ள முதியோரிடம் மரண அபாயத்தை அதிகப்படுத்துகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் 2005-லேயே எச்சரித்திருக்கிறார்கள். சில சமயம் அவை தவிர்க்க முடியாதவையாயினும், வைத்தியரின் கண்காணிப்பில் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கே தரத்தக்கவை. பராமரிப்பவள் உண்மையில் வேண்டுவது வேறொன்று: காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் அழைத்து வரும் பகல் நேரப் பராமரிப்பு நிலையம். கேரள அரசு ஏ.ஆர்.டி.எஸ்.ஐ.யுடன் இணைந்து ஸ்மிருதிபதம் என்னும் திட்டத்தில் அத்தகைய நிலையங்களுக்கு வழி செய்தது. வாரத்தில் இரண்டு பகல் கிடைத்தால் போதும், அவள் தன் பல் வலிக்கு மருந்து வாங்கப் போவாள்.

நோயோடு சேர்ந்து காகிதங்களின் தொல்லையும் வரும். கணவர் தெளிவாக இருக்கையில் மனைவிக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவரின் சித்த ஸ்வாதீனம் போய்விட்டால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. எந்த நாளுக்கென்று எழுதினார்களோ அந்த நாளில்தான் அது பயன்படாமற்போகும்! சித்தப்பிரமை கண்டவரின் சொத்தை நிர்வகிக்க ஒருவரை மாவட்ட நீதிமன்றம் நியமிக்கும் வழி 1987-ஆம் வருஷத்து மனநலச் சட்டத்தில் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் வருஷத்துச் சட்டம், சிகிச்சை விஷயத்தில் நோயாளியின் உரிமைகளைப் போற்றத்தக்க முறையில் விரிவுபடுத்திவிட்டு, சொத்து விஷயத்தில் மௌனமாயிற்று. ஆகவே சிகிச்சைச் செலவுக்காக வீட்டை அடகு வைக்க விரும்பும் குடும்பம், உயர்நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டுப் பாதுகாவலர் நியமனம் பெற வேண்டியிருக்கிறது. வருமான வரி விதிகளோ, சிகிச்சைச் செலவுக்குக் கழிவு தரும் வியாதிகளின் ஜாபிதாவில் டிமென்ஷியாவை வெகுகாலத்துக்கு முன்பே சேர்த்துவிட்டன. வரி இலாகா அறிந்த நோயைச் சொத்துச் சட்டம் இன்னும் அறியவில்லை. இந்நிலையில் குடும்பத்தார் செய்யக்கூடியது, நோய் பெயரிடப்பட்ட உடனேயே, கையெழுத்துக்கு மதிப்பு இருக்கும்போதே, பாங்கிக் கணக்கைக் கணவனும் மனைவியுமாக இருவரில் எவரும் இயக்கும்படி மாற்றிக்கொள்வதும், உயிலை எழுதி வைப்பதும், பென்ஷன் காகிதங்களைச் சரிசெய்வதும் ஆகும். வைத்தியர்கள் இதையும் சொல்லி அனுப்பினால் நலம். அதற்கு அவர்களுக்கு நேரம் இல்லையென்றால், சொல்ல வேறொருவர் வேண்டும்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2017-இல், உறுப்பு நாடுகளில் முக்கால் பங்கேனும் 2025-க்குள் இந்நோய்க்கென்று தனித் திட்டம் வகுக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. இந்தியா அந்த வரிசையில் சேராமலே அந்தக் கெடு கழிந்தது. முதியோருக்கான 14567 என்ற தொலைபேசி எண்ணும், மனநல ஆலோசனைக்கான 14416-உம் இருக்கின்றன. அழைத்துப் பேசத் தோன்றுபவர்களுக்கு அவை ஆறுதலே. ஆயினும் தமிழ்நாட்டில் அதைவிடப் பெரிய வசதியொன்று ஏற்கெனவே நடமாடிக்கொண்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்த் தருகிறது. படுத்த படுக்கையானவர்களுக்கு இயன்முறை வைத்தியரையும் அனுப்புகிறது. அத்திட்டத்தின் பெண் தன்னார்வலர் மாத்திரை கொடுக்கப் போகும் வீட்டுக் கூடத்தில்தான், பெயரிடப்படாத மறதி நோயாளி அமர்ந்திருக்கிறார். ஏற்கெனவே பல பதிவேடுகளைச் சுமக்கும் அவள் தலையில் இதையும் ஏற்றுவது நியாயமன்று. அவள் செய்ய வேண்டியது, அங்கன்வாடி ஊழியர்கள் திருச்சூரில் செய்தது போல, சந்தேகப்பட்ட வீட்டைச் சுட்டிக்காட்டுவது மாத்திரமே. அதன் பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறை அங்கே போய் உட்கார, வட்டாரத்துக்கு இருவரோ மூவரோ தனியே நியமிக்கப்பட்டு, மாவட்ட மனநலத் திட்டத்து வைத்தியரின் மேற்பார்வையில் வேலை செய்யலாம். கோவாவில் ஒரு வாரப் பயிற்சி போதுமானதாயிற்று. நமக்கு ஒரு மாதம் ஆகட்டும்; ஒரே ஒரு மாவட்டத்தில், சாமனப்பள்ளி இருக்கும் அதே மாவட்டத்தில், அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே தொடங்கிப் பார்க்கலாம்; ஆகும் செலவு முழுவதும் அந்தச் சிலருடைய சம்பளமும் பஸ் கட்டணமும்தான்.